கண்மாய் அழியும் நாள்

ஏப்ரல் 6, ஞாயிறு

கோபம் வந்தால் கத்தாதே, எழுது என்றார் டாக்டர். பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இந்த யோசனையையும் கொடுத்து அனுப்பினார். நகைக்கடையில் இனாமாகக் கிடைத்த டைரி டிவிக்கு அடியில் கிடந்தது. தூசி தட்டி எடுத்திருக்கிறேன். முதல் நாளே பக்கம் போதாது போலிருக்கிறது.

காலையில் டீக்கடையைத் திறந்து பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் முழுக்க சிமெண்ட் தூண்கள். டிரைவர் டீயைக் குடித்துவிட்டு, "கண்மாய்க்கு எப்பிடிக்கா போகணும்?" என்றான்.

"கண்மாய்க்குத் தூணு எதுக்கு?"

"வேலி போட."

"யாரு கண்மாய்க்கு யாருடா வேலி போடுறது?" என்று நான் கேட்டது பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. டாக்டருக்குக் கேட்டிருந்தால் மாத்திரையைக் கூட்டியிருப்பார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் கொன்றைப்பட்டிக் கண்மாய்க்கு இதுவரை ஒரு முள்வேலி கூடக் கிடையாது. மழைக்கு நிரம்பும், ஆடு மாடு குடிக்கும், வயலுக்குப் பாயும், கோடையில் வற்றும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் ஒரு நாள் குறிப்போம். அன்றைக்கு ஊர்த் தலைவர், அதாவது அம்பலம், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மீன் பிடிக்க உள்ளே இறங்கும்! எந்த ஊர், என்ன சாதி, யாருக்கு யாரோடு பகை என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அழைப்பும் கிடையாது, தடையும் கிடையாது. பிடித்த மீனை விற்கக் கூடாது, கொதிக்க வைத்துத் தின்ன வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் பேர், கண்மாய் அழிப்பது. "இந்த வருசம் எப்ப அழியுது?" என்று பங்குனி பிறந்ததுமே என் கடையில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருடம் விடாமல் நானும் இறங்கியிருக்கிறேன். கெளுத்தி மாட்டும், ஜிலேபி மாட்டும். விரால் மட்டும் இந்த இந்திராணி கையைப் பார்த்தாலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எனக்குச் சுபிதா என்று ஒரு மகள் இருக்கிறாள். வேறு சாதிப் பையனை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டு கொட்டாம்பட்டியில் இருக்கிறாள். "என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ஃபோனில் பேசமாட்டேன் என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். போன வருடமும் கண்மாய் அழிந்த அன்று அவள் வந்திருந்தாள், தூரத்தில் நின்று பார்த்தேன். அவளைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. கண்மாய் வேறு, அது வேறு.

ஏப்ரல் 7, திங்கள்

வடை தீய்ந்துவிட்டது. தூண் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தீயாமல் என்ன செய்யும்.

ஏப்ரல் 10, வியாழன்

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். தூண் இறக்கிய கம்பெனியின் மேனேஜர் வந்திருந்தார். ஜெயசீலன் என்று பேர். இஸ்திரி போட்ட சட்டை, எல்லோருக்கும் வணக்கம், எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

கண்மாய் அந்தக் காலத்து ஜமீன் பட்டாவில் இருக்கிறதாம். அது எங்களுக்கும் தெரியும். ஜமீன் வாரிசுகள் சென்னையில் இருக்கிறார்கள், அவர்கள் இப்போது விற்கிறார்களாம். கம்பெனி வாங்கி, பாதியை மேடாக்கிக் காட்டேஜ் கட்டும். மீதியை ஆழமாக வெட்டித் தூண்டில் ஏரி ஆக்கும். வெளியூர்க்காரர்கள் மெம்பர் ஆகிப் பணம் கட்டி மீன் பிடிப்பார்களாம்.

"மீன் பிடிக்கக் காசா!" என்று ஆடு மேய்க்கிற பாண்டியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஊர் பொழங்குற கண்மாயை எப்பிடிங்க விக்க முடியும்?" என்று நான் எழுந்து கேட்டேன்.

"புழக்கத்தில் இருந்தா விக்க முடியாதும்மா" என்றார் மேனேஜர், அதே சிரிப்போடு. "இது அழிஞ்சுபோன கண்மாய். போன வருஷமே ஆபீசர் நேர்ல வந்து விசாரிச்சு ரிப்போர்ட் குடுத்துட்டார். சொன்னது வேற யாரும் இல்ல, இந்த ஊர்க்காரங்களே."

கூட்டம் கொதித்துப் போனது. எவன்டா அவன் என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. மேனேஜர் மெதுவாக அம்பலத்தின் பக்கம் திரும்பி, பாதியில் நிற்கும் கோயில் கோபுரத்தைக் காட்டினார். அதைக் கம்பெனியே கட்டிக் கும்பாபிஷேகமும் செய்து தருமாம். கையோடு கொண்டுவந்திருந்த பொன்னாடையையும் அவருக்குப் போர்த்தினார்.

ஆண்டியப்ப அம்பலம் கோபுரத்தைப் பார்த்தார், பொன்னாடையைத் தடவினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் துண்டு வீசாமல் ஒரு ஆள் கண்மாயில் கால் வைக்க மாட்டான், அதுதான் கட்டுப்பாடு. அவர் யோசித்தாலே பாதி கண்மாய் போன மாதிரி!

ஏப்ரல் 11, வெள்ளி

ஊரைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்பதுதான் இன்று முழுக்கப் பேச்சு. மலைச்சாமி என்றார்கள். மலைச்சாமி குலசாமி மேல் சத்தியம் செய்துவிட்டு, வாங்கிய டீயைக் குடிக்காமலே போய்விட்டார். ஆளாளுக்கு முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாபாரம் எப்படி நடக்கும்?

இவரிடம், அதாவது என் வீட்டுக்காரர் சேவுகனிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று டிராக்டரைத் துடைக்கப் போய்விட்டார். இவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் நான் ஒரு அண்டா டீ போட்டுவிடுவேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்துவிட்டது. மாங்காய்ப் பச்சடி, பாயசம். பாயசம் மீந்துவிட்டது. அளக்கும்போது கை தானாகப் பழைய கணக்குக்குப் போய்விடுகிறது.

கொட்டாம்பட்டி பஸ் கண்டக்டர் இன்றும் டீக்கு இறங்கினார். சுபிதாவின் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாளாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. நான் கேட்டதெல்லாம் அந்தப் பக்கம் மழை உண்டா, மாரியம்மன் கோயில் தெருவில் எல்லோரும் சுகமா, பிள்ளை குட்டிகள் வெயிலைத் தாங்குகிறதா என்பதுதான்.

அவருக்கு ஒரு வடை கூட வைத்தேன். நல்ல மனுசர்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கவா அழவா என்று தெரியாத சிரிப்பு.

கோட்டாட்சியர் ஆபீசில் மனு கொடுக்க ஒரு வேன் பிடித்துப் போனோம். மனுவை எழுதியது நான்தான். புதிதாக வந்திருக்கும் கோட்டாட்சியர் அம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது. மனுவை ஒரு தடவை படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மேல 'எங்கள் கண்மாயைக் காப்பாற்றித் தாருங்கள்'னு எழுதியிருக்குது. கீழ 'வரும் மே பதினொன்றாம் தேதி ஊர்கூடிக் கண்மாயை அழிக்க இருப்பதால் தாங்களும் வந்து சிறப்பிக்க வேண்டும்'னு எழுதியிருக்குது. இதுல எதுங்க நெசம்?"

"ரெண்டும்தேன் மேடம்" என்றேன்.

"ரெண்டும் எப்படிங்க நெசமா இருக்கும்? காப்பாத்தறதுங்களா, அழிக்கறதுங்களா?"

எனக்கு அவர் கேட்பது விளங்கவில்லை. என்ன படித்து என்ன, இந்தச் சின்ன விசயம் புரியவில்லையே என்று கோபம் கூட வந்தது. அப்போதுதான் எங்கள் வீட்டு ஊமைச்சாமி வாயைத் திறந்தார்.

"வருசா வருசம் அழிக்கிறதுதேன் மேடம். போன வருசம் உங்களுக்கு முந்தி இருந்த சாரு கண்மாயப் பாக்க வந்தாக. அவுககிட்டயும் சொன்னமே. போன வாரந்தேன் சார் அழிச்சோம், ஊரே சேந்து சந்தோசமா அழிச்சோம்னு."

கோட்டாட்சியர் அம்மா ஃபைலை இழுத்துப் பிரித்து வாசித்தார். "'கண்மாயை ஊரார் சேர்ந்தே அழித்துவிட்டதாக டீக்கடையில் இருந்த அனைவரும் ஒரே குரலில் மகிழ்ச்சியுடன் தெரிவித்தனர்.'"

டீக்கடை என்றால் என் டீக்கடை! அந்த ஆபீசர் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றது அப்படியே கண்ணுக்குள் வந்தது. "கண்மாய் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "அழிஞ்சிருச்சு சார்" என்று எல்லோரும் எச்சில் ஊறச் சொன்னார்கள். அவர் "அடடா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். மீன் கிடைக்காத வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னொரு வடை வைத்தேன்!

காட்டிக்கொடுத்தது மலைச்சாமியும் இல்லை, வேறு யாரும் இல்லை. எங்கள் வாய்தான்.

ஆளுக்கொரு பக்கம் விளக்கம் சொன்னோம். மீன் பிடிக்க விடுவதைத்தான் அழிப்பது என்போம், மழை பெய்தால் மறுபடி நிரம்பிவிடும் என்று பாண்டியம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கோட்டாட்சியர் அம்மா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க ஊர்ல அழிக்கறதுன்னா ரப்பர் வெச்சு அழிக்கறதுதானுங்க" என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சிரிச்சேங்கறதுக்காக ரிப்போர்ட்ட மாத்த முடியாதுங்க. வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாப் பத்தாது, நான் கண்ணால பாக்கோணும். அங்க தண்ணி இருக்கோணும், சனம் எறங்கோணும். பதினொண்ணாந்தேதி வர்றேன். அன்னிக்கு அது வெறும் பொட்டலா இருந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மே மாசக் கடைசியில பத்திரம் பதிஞ்சிருவாங்க."

வேனில் வரும்போது ஒருவர் "அழிச்சோம்" என்பார், மொத்த வேனும் சிரிக்கும். மலைச்சாமிக்கு ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள். இவரும் சிரித்தார், தோளெல்லாம் குலுங்க. இவர் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள், அந்தப் பெண் போனதிலிருந்து... சரி, அதை விடு.

ஏப்ரல் 25, வெள்ளி

அம்பலம் தெருவில் அந்தப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். இந்த வெயிலில்! "என்ன முடிவு பண்ணுனீக ஐயா?" என்று கேட்டேன். "டீல சீனி கம்மியாப் போடு ஆத்தா" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

பாவிகள்! பாவிகள்!

விடிந்தும் விடியாமல் ஆடு ஓட்டிப் போன பாண்டியம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "அக்கா, மடை தெறந்து கெடக்கு! தண்ணி பூராம் போகுது!"

அடுப்பை அணைத்தேனா என்று கூட நினைவில்லை, ஓடினேன். மடைப் பலகையை யாரோ உருவி எறிந்திருக்கிறார்கள். பயிரே இல்லாத தரிசில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. குஞ்சு மீனெல்லாம் வாய்க்காலில் துள்ளுகிறது. கரையில் நின்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாவிட்டாலும் திட்டினேன்.

இவர் சட்டையோடு மடைக்குள் இறங்கினார். மண் மூட்டை நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. "அந்தத் தூண உருட்டி விடுங்கடா!" என்று சத்தம் போட்டார். வேலிக்கு வந்த சிமெண்ட் தூணையே பத்து பேர் உருட்டி மடைக்குள் தள்ளினோம். அது போய்ச் சிக்கியது பார், தண்ணீர் நின்றது! கம்பெனி தூண் முதல் முதலாக ஒரு உபயோகத்துக்கு ஆனது.

பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த வெயிலுக்கு மிச்சமும் பதினொன்றாம் தேதி வரை தாங்காது, அதற்கு முன்னால் மீனும் செத்து மிதக்கும். ஞாயிற்றுக்கிழமையே அழித்துவிடுவது என்று கரையிலேயே முடிவு செய்தோம். கோட்டாட்சியர் ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். "ஞாயித்துக்கெழமைங்களா?" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "வர்றேனுங்க" என்றார் அந்த அம்மா.

அம்பலமும் கரைக்கு வந்தார். வாய்க்காலில் செத்துக் கிடந்த குஞ்சுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்பலம் துண்டு வீசாவிட்டால் என்ன செய்வது?

மே 1, வியாழன்

மூன்று நாளில் சனத்தைச் சேர்க்க வேண்டும், அதுவும் யாரையும் "வாங்க" என்று கூப்பிடாமல். அழைப்பு கிடையாதே! "ஞாயிறு அழியுது" என்று மட்டும் பேச்சு காற்றில் போக வேண்டும். ஊரில் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்று அதே இரண்டு வார்த்தை. கடையில் நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் சொல்லிவிட்டேன்.

கொட்டாம்பட்டி கண்டக்டர் மட்டும் லீவாம். மாற்று ஆள் புதுசு, சொன்னதைக் காதில் வாங்காமல் விசில் ஊதிவிட்டான். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு நாள் மாறியது தெரியாது. பதினொன்று என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். எல்லா ஊருக்கும் தெரிய வேண்டுமே என்பதற்காகத்தான் சொல்கிறேன், எனக்கென்று ஒன்றும் இல்லை. மதியம் சோறு இறங்கவில்லை.

இவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "கொட்டாம்பட்டி வரைக்கும் போய்ட்டு வாரேன். டிராக்டருக்கு ஃபேன் பெல்ட் வாங்கணும்" என்றார்.

"பக்கத்துல சிங்கம்புணரியில இல்லாத பெல்ட்டா?"

"அங்கன நல்லா இருக்கும்" என்று வண்டியை உதைத்துவிட்டார்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். பெல்ட் இல்லை. கேட்டால், "அது எங்க?" என்று தன் கையையே பார்க்கிறார். சட்டைத் தோளில் பால் சிந்திய கறை. துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தேன், வசம்பு வாசனை. பெல்ட் கடையில் வசம்பு ஏது?

சட்டையைத் துவைக்கவில்லை. நாளைக்குத் துவைத்தால் போகிறது.

மே 3, சனி

கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. சீனிக்குப் பதில் உப்பைப் போட்டு இரண்டு பேருக்கு டீ கொடுத்துவிட்டேன்.

ஊத்தாவைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டு மாற்றினேன். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரே ஊத்தாவுக்குள் இரண்டு வீட்டுக் கை பட்டுவிட்டால் அந்த மீனை அறுத்துப் பங்கு போடக் கூடாது. ஒரே சட்டியில் கொதிக்க வேண்டும், இரண்டு வீடும் ஒன்றாக உட்கார்ந்து தின்ன வேண்டும். அதுவும் கட்டுப்பாடுதான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் சிலர் வேண்டுமென்றே கையை விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அம்பலம் வீட்டுக் கதவு இன்று முழுக்கச் சாத்தியே இருந்தது.

மே 4, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது! நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை.

விடியும்போதே கரை தெரியவில்லை, அவ்வளவு சனம்! லோடு ஆட்டோவில், டூவீலரில், டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, ஊத்தாவும் வலையுமாக வந்து இறங்குகிறார்கள். கோட்டாட்சியர் அம்மா சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேனேஜரும் ஒரு ஓரமாக நின்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்பலத்தை மட்டும் காணோம். வெயில் ஏறுகிறது. முழங்காலுக்கும் கீழேதான் தண்ணீர், அதற்குள் மீன் புரளுவது கரையிலிருந்தே தெரிகிறது. ஒரு ஆள் காலை வைக்கவில்லை. "ஏனுங்க, எறங்க மாட்டாங்களா?" என்று கோட்டாட்சியர் அம்மா என்னைக் கேட்கிறார். "எறங்குவாக மேடம், துண்டு வீசணும்" என்கிறேன். நான் கூட்டத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அம்பலத்தைத்தான்.

கடைசியில் வந்தார், தோளில் அதே பொன்னாடை! மேனேஜர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அம்பலம் நேராக மேனேஜரிடம் போய் நின்றார். "தம்பி, கோபுரம் கட்டித் தர்றேன்னீக. ரொம்ப சந்தோசம். ரெண்டு நாளா அதையேதேன் நெனச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். கோபுரத்த நாங்க மெதுவாக் கட்டிக்கிருவோம். இம்புட்டுச் சனத்த உங்களால கூட்டித் தர முடியுமா?"

மேனேஜர் பதில் சொல்வதற்குள் கோட்டாட்சியர் அம்மா கரையில் வைத்திருந்த மைக்கை எடுத்துவிட்டார். குரலை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "இங்க கண்மாய அழிக்க வந்திருக்கறவங்க யாருங்க?"

"நாங்கதேன்!"

கரை முழுக்க ஊத்தா மேலே போனது. அந்தச் சத்தத்துக்குப் புளியமரத்துக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.

அம்பலம் இடுப்பைத் தடவினார், தோளைத் தடவினார். "அடடே, வெள்ளத் துண்ட வீட்டுல வச்சுட்டு வந்துட்டேனே" என்றார். பிறகு அந்தப் பொன்னாடையை உருவித் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி வீசினார். சரிகை வெயிலில் மின்னியது. வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை!

இறங்கினோம். அதைச் சொல்லி முடியாது. சேறு, கூச்சல், சிரிப்பு, யார் முகம் யாருடையது என்று தெரியாது. இரண்டு ஜிலேபி, ஒரு கெளுத்தி மாட்டியது. மடைப் பக்கம் சேறு கலங்கியது, ஊத்தாவை ஓங்கி அழுத்தினேன். உள்ளே டமார் என்று ஒரு அடி. விரால்! மூங்கில் அதிருகிறது. கையை விட்டால் வழுக்குகிறது, முழங்கை வரை விட்டால் திமிறுகிறது. இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை ஊத்தாவுக்குள் வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. நான் நிமிரவில்லை. எண்ணெய் தேய்த்து வளர்த்த கையை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"விட்டுறாதம்மா, வால நான் பிடிச்சிருக்கேன்!"

"நீ வாலையே பிடி, நான் செவுளுக்குள்ள வெரல விடுறேன்! இறுக்கிப் பிடிடி!"

இரண்டு வருடம் கழித்து நாங்கள் பேசியது இதுதான். ஃபோனில் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். சேற்றுக்குள் பேசமாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

தூக்கினோம். முழங்கை நீளம், கறுகறுவென்று! அதை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். அவள் அழுதாளா, நான் அழுதேனா, மீன் அடித்த தண்ணீரா, தெரியவில்லை. திடீரென்று பகீரென்றது. "பிள்ளைய யாருகிட்டடி விட்டுட்டு எறங்குன?"

"கரையில ஒருத்தவுக வச்சிருக்காக" என்று கண்ணால் காட்டினாள்.

கரையில் இவர் நின்றார். இடுப்பில் பிள்ளை. அதன் தலையில் வெயில் படாமல் தன் துண்டை நனைத்துப் போட்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "பொது எடம். யாரு பிள்ளைய யாரு வேணாலும் வச்சிருக்கலாம்" என்றார், யாரோ கேட்ட மாதிரி.

மீனைக் கொண்டுபோய் அவர் காலடியில் போட்டோம். பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "ரெண்டு கை பட்டுச்சா?"

"பட்டுச்சு" என்றேன்.

"பாத்தது யாரு?"

"நான் பாத்தனுங்க" என்று பின்னாலிருந்து கோட்டாட்சியர் அம்மா சொன்னார்.

இவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒரே சட்டிதேன். கட்டுப்பாட்ட நான் மீற முடியுமா?" என்றார். தள்ளி நின்ற மருமகனைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை சேறு பூசிக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது அந்தப் பிள்ளை. "அந்தத் தம்பியவும் வரச் சொல்லு, செதில் ஒரசணும்ல. நான் முன்னாடி போய்ச் சட்டியக் கழுவுறேன்." சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

கோட்டாட்சியர் அம்மா, கெண்டை மீனை ஆசையாகப் பார்த்து, "ஒரு கிலோ என்ன வெலைங்க?" என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. அம்பலம்தான் சொன்னார்: "இங்க எதையும் விக்கிறதில்லத்தா. மீனும் சரி, கண்மாயும் சரி." ஒரு பை நிறைய மீனைக் கொடுத்து, கொதிக்க வைத்துத் தின்ன வேண்டும் என்று கட்டுப்பாட்டையும் சொன்னோம்.

பழைய ரிப்போர்ட் செல்லாது, பத்திரம் பதியக் கூடாது என்று இன்றைக்கே எழுதப்போகிறாராம். மேனேஜர் அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் காரில் ஏறினார். "என்னன்னு எழுதறதுன்னுதான் தெரியலீங்க" என்றார் கோட்டாட்சியர் அம்மா ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு. "'கண்மாய் இன்று அழிந்தது, ஆகவே உயிரோடு இருக்கிறது'ன்னு எழுதினா மேல இருக்கறவங்களுக்குப் புரியுமுங்களா?"

புரியாவிட்டால் அடுத்த வருடம் அவர்களையும் இறங்கச் சொல்லுங்கள் என்றேன்.

மே 5, திங்கள்

வடை தீய்ந்துவிட்டது. பேத்தி தவழ்ந்து எங்கள் வாசப்படியைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தீயாமல் என்ன செய்யும்.